காணா ஒளியிலிருந்து காணும் ஒளி
(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

விழா மேடைகளில் வாழ்த்துரைகளுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. அவற்றோடு அறிவியல் அரங்கு ஒன்றும் இருக்க வேண்டும் என்று நம் நிருவாகிகள் முடிவு செய்தது பாராட்டுக்குரியது. "எளிய பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அன்பர்கள் சிலர் எனக்கு அறிவுரை கூறினர். எளியவை மட்டுமே நமக்கு ஏற்றவை என்று பிறர் சொல்லிக் கேட்ட காலம் போதும். ஆகவே, உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்று நடைபெறும் ஆராய்ச்சி ஒன்றையே உங்கள் முன் வைக்கத் துணிந்தேன். மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் தூண்டப்படும்போது குறைகடத்தி நுண்துகள்கள் எவ்வாறு ஒளிர்கின்றன என்பதே இன்றைய பொருள். தலைப்பு நீளமானது, ஆனால் பத்தாம் வகுப்பு இயற்பியலும் சிறிது பொறுமையும் உடையவர்க்கு எட்டாதது அன்று.

முதலில் விந்தையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. அதிலுள்ள நீர்மத்தில் காட்மியம் செலினைடு என்னும் பொருளின் நுண்துகள்கள் மிதக்கின்றன. அதனுள் அகச்சிவப்பு லேசர் ஒளியை ஒரு வில்லையின் வழியே குவித்துச் செலுத்துகிறார்கள். அவ்வொளி நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி. ஆயினும் அது குவியும் இடத்தில் மட்டும் செந்நிறப் புள்ளி ஒன்று ஒளிர்கிறது! உள்ளே சென்ற ஒளித்துகளைக் காட்டிலும் ஆற்றல் மிகுந்த ஒளித்துகள் வெளியே வருகிறது. ஒன்றரை ரூபாய் கொடுத்த இடத்தில் இரண்டு ரூபாய் கிடைத்தது எப்படி? ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆயிற்று?

நேர்விகிதம் என்னும் விதி

நாம் அன்றாடம் காணும் ஒளி நேர்விகித விதிக்கு அடங்கி நடப்பது. ஒரு விளக்குக்குப் பதில் இரு விளக்குகளை ஏற்றினால் சுவரில் விழும் ஒளி இருமடங்காகும். சிவப்பு ஒளி கண்ணாடியின் வழியே சென்றாலும் நீரின் வழியே சென்றாலும் சிவப்பாகவே வெளிவரும். அதைப் பத்து மடங்கு வலுப்படுத்தினாலும் பொருள் பத்து மடங்கே பதில் சொல்லும், நிறம் மாறாது.

இதன் உட்பொருளை அறிய, ஒளி துகள்களாகவும் நடந்துகொள்கிறது என்று 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் கூறியதை நினைவில் கொள்ள வேண்டும். அத்துகளையே ஃபோட்டான் என்கிறோம். அதன் ஆற்றலைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. 1240 என்ற எண்ணை, நானோமீட்டரில் கூறப்படும் அலைநீளத்தால் வகுத்தால், எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அலகில் ஆற்றல் கிடைக்கும். 620 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் 2 எலெக்ட்ரான் வோல்ட். 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் 1.55 மட்டுமே. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கு.

இனிக் குறைகடத்திக்கு வருவோம். அதிலுள்ள எலெக்ட்ரான்கள் கீழ்ப்பட்டை ஒன்றில் நிறைந்திருக்கின்றன. மேலே வெற்றிடமான பட்டை ஒன்று உண்டு. இரண்டுக்கும் இடையே எலெக்ட்ரான் நிற்க இடமே இல்லாத ஆற்றல் இடைவெளி இருக்கிறது. சிலிக்கனில் இது ஏறத்தாழ 1.1, காலியம் ஆர்சினைடில் 1.42; துத்தநாக ஆக்சைடில் 3.3க்குச் சற்று மேல். ஒளித்துகளின் ஆற்றல் இடைவெளியைவிடக் குறைந்திருந்தால், பொருள் அதை உட்கொள்வதில்லை. சன்னல் கண்ணாடியில் வெளிச்சம் புகுவதுபோல் அது கடந்து போய்விடும். நம் குப்பியிலுள்ள துகளின் இடைவெளி 2 என்று கொள்வோம். 1.55 ஆற்றலுடைய ஒளித்துகள் எத்தனை கோடி வந்தாலும், ஒவ்வொன்றாக வரும் வரையில், ஓர் எலெக்ட்ரானைக்கூட மேலேற்ற இயலாது.

இரண்டு துகள்கள் ஒரே கணத்தில்

அப்படியானால் செந்நிறப் புள்ளி எங்கிருந்து வந்தது? பரணுக்கு ஏற ஓர் ஏணி இருக்கிறது. அதில் இடைப்படி இல்லை. ஒருவர் தூக்கிவிட்டால் ஏறுபவர் பாதி உயரமே எட்டுவார். அங்கே நிற்கக் கால்வைக்க இடமில்லை; உடனே கீழே வந்துவிடுவார். இருவர் ஒரே கணத்தில் தூக்கினால் பரணை எட்டிவிடலாம். முதலாமவர் தூக்கி, சற்று நேரம் கழித்து இரண்டாமவர் தூக்குவதால் பயனில்லை. எலெக்ட்ரானுக்கும் இதுவே நிலை. இரு ஒளித்துகள்கள் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தால் 1.55உடன் 1.55 கூடி 3.10 ஆகிறது, இடைவெளியைத் தாண்டப் போதும். மேலேறிய எலெக்ட்ரான் மிகையான 1.10 ஆற்றலை மிக விரைவில் வெப்பமாக இழந்து, மேற்பட்டையின் அடிவிளிம்பில் தங்குகிறது. பின்னர்க் கீழிறங்கும்போது 2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சிவப்பு ஒளியாக வெளியிடுகிறது. கொடுத்தது ஒன்றரை ரூபாய் அன்று, மூன்று ரூபாய், திரும்பியது இரண்டு. விதி எங்கும் மீறப்படவில்லை.

இரு துகள்கள் ஒருங்கே உட்கொள்ளப்படலாம் என்பதைக் கணக்கிட்டுக் கூறியவர் ஓர் இளம்பெண். மரியா கெப்பர்ட் மேயர் என்பது அவர் பெயர். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் போர்னிடம் பயின்று எழுதிய முனைவர் பட்ட ஆய்விலே இக்கருத்தை நிறுவி, 1931ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். ஆனால் சோதித்துப் பார்க்கத்தக்க வலிமையான ஒளி அன்று உலகில் இல்லை. நண்பகல் வெயிலில் வைத்த நல்ல சாய மூலக்கூறு ஒன்று, ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு முறை ஒற்றை ஒளித்துகளை உட்கொள்ளும். அதே மூலக்கூறு இரு துகள்களை ஒருங்கே உட்கொள்வதோ, ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு முறைதான் நிகழும் என்று பிற்காலத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்கு சரி, கருவி இல்லை. முப்பது ஆண்டுகள் அவ்வாய்வு காத்திருந்தது.

அவரும் காத்திருந்தார். திருமணமாகி அமெரிக்கா சென்ற அவருக்கு, கணவர் பணியாற்றும் நிறுவனத்தில் மனைவிக்குப் பதவி இல்லை என்று கதவு சாத்தப்பட்டது. பல ஆண்டுகள் முறையான பதவியும் ஊதியமும் இன்றியே ஆய்வு செய்தார். முழு ஊதியத்துடன் கூடிய பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது 1960ஆம் ஆண்டில். அணுக்கருவின் கூட்டமைப்பை விளக்கியதற்காக நோபல் பரிசு வந்தது 1963இல். இன்று இரு ஒளித்துகள் உட்கொள்ளலை அளக்கும் அலகுக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

அழிக்கப்பட்ட புள்ளி

1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசரை இயக்கினார். அடுத்த ஆண்டிலேயே இரு கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. பெல் ஆய்வுக்கூடத்தில் கைசரும் காரெட்டும், யூரோப்பியம் கலந்த கால்சியம் ஃபுளோரைடுப் படிகத்தில் மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியைச் செலுத்தி நீல ஒளியைப் பெற்றனர். கெப்பர்ட் மேயரின் கணக்கு மெய்யாயிற்று.

மற்றொன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் தோழர்களும் செய்தது. அவர்கள் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தினர். வெளிவந்த ஒளியில், சரிபாதி அலைநீளமாகிய 347.2 நானோமீட்டரில், புறஊதா ஒளி சிறிதளவு கலந்திருந்தது. ஒளிப்படத் தகட்டில் அது ஒரு மங்கிய புள்ளியாகப் பதிந்தது. கட்டுரை அச்சேறியபோது, அப்புள்ளியைப் படத்தில் படிந்த மாசு என்று கருதி இதழின் பணியாளர்கள் நீக்கிவிட்டார்கள் என்று அறிவியல் உலகில் இன்றும் சொல்லப்படுகிறது. அச்சான படத்தில் அம்புக்குறி மட்டும் இருக்கிறது. அது சுட்டும் இடம் வெறுமையாக இருக்கிறது. ஒரு புதிய துறைக்குச் சான்றாக நின்ற புள்ளியை அழுக்கு என்று துடைத்துவிட்டார்கள்! இதற்கு மேல் இந்த அவைக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது நிகழ்ச்சியில் எலெக்ட்ரான் மேலே தங்குவதே இல்லை. இரு ஒளித்துகள்கள் சேர்ந்து நேரடியாக ஒன்றாகின்றன. லேசரின் அலைநீளத்தை மாற்றினால் வெளிவரும் ஒளியும் உடன் மாறி, எப்போதும் அதன் சரிபாதியாகவே நிற்கும். முதலாவதில் வெளிவரும் நிறம் பொருளின் சொந்த நிறம். லேசரைச் சற்று மாற்றினாலும் அது மாறாது.

அளவை மாற்றாமல் காலத்தைச் சுருக்குதல்

இவ்வொளியின் தனிக்குணம் யாது? லேசரின் வலிமையை இருமடங்காக்கினால் வெளிவரும் ஒளி நான்கு மடங்காகிறது. மும்மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. அதாவது செறிவின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது. மூன்று துகள்கள் சேர வேண்டியிருந்தால் முப்படிக்கு ஏற்ப வளரும். துத்தநாக ஆக்சைடில் 800 நானோமீட்டர் ஒளித்துகள்கள் இரண்டு சேர்ந்தாலும் 3.10தான், இடைவெளியை எட்டாது, மூன்று சேர வேண்டும். ஆய்வாளர் ஒருவர் எத்தனை துகள்கள் சேர்ந்தன என்பதை அறிய, லேசரின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டி, வெளிவரும் ஒளியை அளந்து வரைபடம் இடுகிறார். அதுவே உரைகல்.

இருபடி வளர்ச்சி என்பதால் செறிவு மிக வேண்டும். ஆனால் இடைவிடாத வலிய லேசரைச் செலுத்தினால் பொருள் கருகிப் போகும். இதற்கு வழி, ஆற்றலைக் கூட்டாமல் காலத்தைச் சுருக்குவது. வாய்க்காலில் நாள் முழுதும் கசியும் நீர் ஒரு சருகையும் தள்ளாது. அதே நீரை மடையில் தேக்கி ஒரே மூச்சில் திறந்துவிட்டால் கல்லையும் புரட்டும். டைட்டானியம் கலந்த நீலக்கல் லேசர் இதைத்தான் செய்கிறது. அதன் துடிப்பு ஒன்று 100 ஃபெம்டோ நொடியே நீடிக்கிறது. ஃபெம்டோ நொடி என்பது எவ்வளவு குறுகியது? ஒரு நொடிக்கும் மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கும் உள்ள விகிதமே, ஒரு ஃபெம்டோ நொடிக்கும் ஒரு நொடிக்கும் உள்ள விகிதம்.

ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு 8 கோடி துடிப்புகள். சராசரி வலிமை 1 வாட். ஒரு சிறு கைவிளக்கு எடுக்கும் மின்சாரம்தான். இதை 8 கோடியால் வகுத்து, மீண்டும் 100 ஃபெம்டோ நொடியால் வகுத்தால், துடிப்பின் உச்ச வலிமை 1,25,000 வாட் என்று வருகிறது! அதே சராசரி வலிமையுள்ள இடைவிடாத ஒளியைக் காட்டிலும் இரு ஒளித்துகள் நிகழ்ச்சி ஏறத்தாழ 1,25,000 மடங்கு மிகுகிறது. துடிப்புகளுக்கு இடையே பொருள் ஆறிக்கொள்ள நேரமும் கிடைக்கிறது.

நுண்துகளின் சிறப்பு

குறைகடத்தியை ஏன் நுண்துகளாக்க வேண்டும்? சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் பொருளின் நிறமே மாறுகிறது. வீணைத் தந்தியைக் குறுக்கினால் சுருதி உயர்வதுபோல, எலெக்ட்ரான் அடைபட்டிருக்கும் இடம் குறுகக் குறுக அதன் ஆற்றல் இடைவெளி உயர்கிறது. ஒரே காட்மியம் செலினைடு 5, 6 நானோமீட்டர் அளவில் சிவப்பாக ஒளிரும். 2, 3 நானோமீட்டர் அளவில் பச்சையும் நீலமுமாக ஒளிரும். பொருளை மாற்றாமல் அளவை மாற்றியே நிறத்தைத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றைக் குவாண்டம் புள்ளிகள் என்கிறார்கள். தலைமயிர் ஒன்றின் குறுக்கே ஏறத்தாழப் பதினாயிரம் புள்ளிகளை வரிசையாக அடுக்கலாம்.

சோவியத் நாட்டில் அலெக்ஸி எகிமோவ் 1981இல் வண்ணக் கண்ணாடியினுள் இவ்விளைவைக் கண்டார். அமெரிக்காவில் லூயி புரூஸ் 1983இல் நீர்மத்தில் மிதக்கும் துகள்களில் கண்டார். ஒரே அளவுள்ள துகள்களைச் செவ்வையாக ஆக்கும் முறையை மோங்கி பவெண்டி 1993இல் தந்தார். மூவரும் 2023ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பவெண்டி கல்லூரியில் எழுதிய முதல் வேதியியல் தேர்வில் நூற்றுக்கு இருபதே பெற்றவர் என்பதை, பரிசு அறிவிக்கப்பட்டபோது தாமே கூறினார். மதிப்பெண் பட்டியலைக் கண்டு மனமுடையும் மாணவர்கள் இதை மறவாதிருக்க வேண்டும்.

இப்புள்ளிகள் இரு ஒளித்துகள்களை உட்கொள்வதில் மிகத் திறமையானவை. காட்மியம் செலினைடுக் கருவும் துத்தநாக சல்ஃபைடு உறையும் கொண்ட புள்ளிகளுக்குக் கெப்பர்ட் மேயர் அலகில் 47,000 வரை மதிப்பு உண்டென்று 2003ஆம் ஆண்டில் அளந்தனர். வழக்கமான சாயங்களைவிட இது நூறு முதல் ஆயிரம் மடங்கு மிகுதி. அவ்வாய்வில், உயிருள்ள எலியின் இரத்தத்தில் புள்ளிகளைச் செலுத்தி, தோலின் அடியிலுள்ள நுண்குழாய்களை அறுக்காமலே கண்டார்கள். ஆனால் காட்மியம் நச்சுத் தன்மை உடையது. ஆகவே இண்டியம் பாஸ்பைடு போன்ற மாற்றுப் பொருள்களையும் ஆக்கி வருகின்றனர்.

துடிப்பு மேலும் வலுத்தால் பல பத்துத் துகள்களின் ஆற்றல் சேர்ந்து ஒரே துகளாக வெளிவருவதும் உண்டு. வளிமங்களில் அறியப்பட்டிருந்த இவ்விளைவு, 2011இல் துத்தநாக ஆக்சைடுப் படிகத்திலும் காணப்பட்டது. அதன் நுட்பங்கள் இன்னும் ஆராயப்படுகின்றன.

இதனால் யாது பயன்?

பயனைக் கேட்பது உரிமை. 1990ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்டிரிக்லர், வெப் ஆகியோர் இரு ஒளித்துகள் நுண்ணோக்கியை அமைத்தனர். அகச்சிவப்பு ஒளி திசுவினுள் ஆழமாகப் புகும். குவியும் இடத்தில் மட்டும் ஒளிர்வை எழுப்பும். மேலும் கீழும் உள்ள உயிரணுக்கள் ஊறுபடுவது குறையும். உயிருள்ள மூளையில் நரம்பணுக்கள் வேலை செய்வதை இன்று இதன்வழி காண்கிறார்கள்.

பார்வைக் குறையை நீக்கச் செய்யப்படும் லேசர் அறுவையில், கருவிழிப் படலத்தைக் கத்தியின்றிப் பிளப்பதும் இத்தகைய குறுந்துடிப்புகளே. தெளிந்த படலத்தில் அவ்வொளி கடந்து செல்லும்; குவியும் புள்ளியில் மட்டும் பல துகள்கள் ஒருங்கே உட்கொள்ளப்பட்டுத் திசு பிளவுபடும். குறுந்துடிப்புகளைப் பெருக்கும் முறையை 1985இல் டோனா ஸ்டிரிக்லண்டும் அவர் ஆசிரியர் ஜெரார்ட் மூரூவும் கண்டனர். 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இயற்பியலில் அப்பரிசு பெற்ற பெண்களில் கெப்பர்ட் மேயருக்கு அடுத்தவர் ஸ்டிரிக்லண்ட். இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

கடைகளில் விற்கும் பச்சை லேசர் விளக்குகள் பலவற்றில்கூட, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியே படிகம் ஒன்றில் பாதியாகி 532 நானோமீட்டர் பச்சையாக வருகிறது. ஃபிராங்கனின் அழிக்கப்பட்ட புள்ளி இன்று திருவிழாக் கடையில் கிடைக்கிறது. விளையாட்டாகவும் அதை எவர் கண்ணிலும் காட்டாதீர்கள். பச்சையோடு காணா ஒளியும் கசிந்து கண்ணைக் கெடுக்கக்கூடும்.

நாம் செய்ய வேண்டுவது

அன்பர்களே, "இரு ஒளித்துகள் ஒன்றுபட்டால் இடைவெளியைத் தாண்டலாம், ஆகவே நாமும் ஒன்றுபடுவோம்" என்று சொல்லி நான் கைதட்டல் பெற்றுவிடலாம். அப்படிச் செய்ய விரும்பவில்லை. ஒளித்துகள் மனிதன் அன்று. இயற்கை விதியிலிருந்து சமுதாய நீதியைப் பறித்தெடுப்பது அறிவியல் முறையும் அன்று. ஆனால் அறிவியலைச் செய்வோர் மனிதர்கள். யாரை ஆய்வுக்கூடத்தில் விடுவது, யாருக்கு ஊதியம் கொடுப்பது, எந்தப் புள்ளி சான்று, எந்தப் புள்ளி அழுக்கு என்று முடிவு செய்பவர்கள் மனிதர்களே. அந்த இடத்தில் நம் பிள்ளைகளும் அமர்ந்திருக்க வேண்டும். நான் இங்கு வந்தது இதைச் சொல்லத்தான்.

நம் வீடுகளில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறியவர்கள் பலர், பதினோராம் வகுப்பில் இயற்பியலையும் கணக்கையும் "நமக்கு வராது" என்று கைவிடுகிறார்கள். பெரும்பாலும் இது பிறர் நம் காதில் ஓதியது. இன்று நான் கூறியவற்றில் வகுத்தலும் இருபடியும் தவிர வேறு கணக்கு எதுவும் இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். இந்நாட்டிலேயே மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும், இந்தூரின் இராஜா இராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்திலும் குறுந்துடிப்பு லேசர்களைக்கொண்டு ஆய்வு நடக்கிறது. அங்கே செல்லும் பாதை பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் வழியே, இளம் அறிவியல், முதுநிலை அறிவியல் என்று நீள்கிறது. அரசின் கல்வி உதவித்தொகைகள் உண்டு. சான்றிதழ்களைக் காலத்தே பெற்று வைத்துக்கொள்ளாததால் அவற்றை இழப்போர் உண்டு. அந்த இழப்பு இனி நம்மிடையே நேரலாகாது.

கழகப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நிதியில் ஒரு பகுதியை ஞாயிற்றுக்கிழமை இயற்பியல், கணக்கு வகுப்புகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு முப்பட்டகம், சில வில்லைகள், பழைய குறுந்தட்டு ஒன்று, பல நிறச் சிறு விளக்குகள். தொடங்குவதற்கு இவை போதும். குறுந்தட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் நிறங்கள் பிரிவதைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை, நிறம் என்றால் என்ன என்று கேட்கும். அக்கேள்விக்குச் சலிக்காமல் விடை சொல்ல ஓர் ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும்.

கெப்பர்ட் மேயரின் கணக்கு முப்பது ஆண்டுகள் கருவிக்காகக் காத்திருந்தது. இன்று கருவிகள் ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றின் முன் அமர்வதற்குரிய மாணவரை இவ்வவையிலிருந்தே அனுப்புவோம்.